குதிமுள்

இருபது நிமிடம் விலங்கு,
நாற்பது நிமிடம் மனிதன்.
இதுதான் ஒப்பந்தம்.

ஹோம்புஷ் ரயில் நிலைய வாசலில்
பஞ்சும் பிளாஸ்டிக்கும் நீலச் சாயமுமாய்
பதினொரு கிலோ பிளாட்டிபஸ்.
அலகுக்குள் ஒரு வலை,
வலைக்குப் பின்னால் என் மூக்கு.
உலகத்தின் எல்லா நாடுகளும்
முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தன.

லியான் மூன்று விதி சொன்னாள்:
பேசாதே. உட்காராதே.
பிள்ளைகள் பார்க்கத் தலையைக் கழற்றாதே.
முதலாவது எனக்குச் சுலபம்,
சோதனைச் சாவடிகளில் பழகியது.

பயிற்சிக்குத் தந்த வழுவழுப் புத்தகத்தில்
பிளாட்டிபஸ் என்றால் நட்பு, நீர், துள்ளல்.
எக்கிட்னா என்றால் விடாமுயற்சி.
எந்த விலங்கும் இதற்கெல்லாம் சம்மதித்துக்
கால்ரேகை வைத்ததாகத் தெரியவில்லை.

நான் வந்த இடத்திலும்
விலங்குகளுக்கு அர்த்தம் இருந்தது.
ஒன்று கொடியில் வாளேந்தி நின்றது.
இன்னொன்று கொடியில் வாய் பிளந்து நின்றது.
இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் வளவில்
ஆடு சினையாக நின்றது.
அதை ஒருவரும் கொடியில் போடவில்லை.

இடைவேளையில் டேரல் சொன்னான்
(எக்கிட்னாவுக்குள் இருப்பவன், டப்போக்காரன்,
கழுத்துவரை முட்கள், மேலே ஈரத் தலைமயிர்):
முதல் பிளாட்டிபஸ் தோல் கப்பலேறிப் போனபோது
லண்டனில் ஒரு அறிஞர் நம்பவில்லையாம்.
ஏதோ நீர்விலங்கின் உடம்பில்
எவனோ வாத்தின் அலகை ஒட்டியிருக்கிறான் என்று
கத்தரிக்கோல் எடுத்துத்
தையல் தேடினாராம்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.
பாதியில் நிறுத்தினேன்.

எனக்கும் தேடினார்கள்.
மூன்றாம் மாடி, குளிரூட்டிய அறை,
மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி.
அண்ணாவைக் கொண்டுபோனது செவ்வாயா வியாழனா?
முதல் தாளில் வெள்ளை வான்,
இரண்டாம் தாளில் வெறும் வான்.
வெள்ளை எங்கே போனது?
மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அலகு முடிந்து உரோமம் தொடங்குகிற இடத்தில்
ஒரு நூலாவது தட்டுப்படும் என்று
என்னைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.
முடிவு தபாலில் வரும் என்றார்கள்.
பதினான்கு மாதமாகத்
தபால்காரனின் மோட்டார் சைக்கிளை
சத்தத்தில் அறிவேன்.

"உங்கள் சனங்களிடம்
இந்த மிருகத்துக்குக் கதை இருக்கிறதா?"
டேரலிடம் கேட்டேன்.
"இருக்கு" என்றான்.
பிறகு தலையை மாட்டிக்கொண்டான்.
அதுதான் பதிலா,
இல்லை இருபது நிமிடம் தொடங்கிவிட்டதா,
இன்றுவரை தெரியாது.

பின்னேரம் ஒரு சின்னப் பெண்.
கன்னத்தில் பச்சையும் மஞ்சளும்,
ஒரு சப்பாத்தின் நாடா அவிழ்ந்திருந்தது.
"அம்மா, இது என்னது?"
எங்கள் தமிழ். கொஞ்சம் சிட்னி மூக்கோடு.
தாய் குனிந்து பார்த்தாள்.
வாத்து என்று தொடங்கினாள், இல்லை என்றாள்,
"தெரியேல்ல குஞ்சு.
ஆரோ இஞ்சத்தை ஆள்."

இஞ்சத்தை ஆள்.
திகதி கேட்காமல், நிறம் கேட்காமல்
எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ்.
"ஓம்" என்று ஒரு சொல் புறப்பட்டு
வலையில் மோதி நின்றது.
விதி ஒன்று.
கையை ஆட்டினேன்,
விரல்களுக்கு நடுவே சவ்வு வைத்துத் தைத்த கை.
பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தது.

ஆண் பிளாட்டிபஸின் பின்காலில்
குதிமுள் உண்டாம், அதில் நஞ்சு உண்டாம்.
டேரல்தான் இதையும் சொன்னான்.
வழுவழுப் புத்தகத்தில் இல்லை.
உடுப்பிலும் தைக்கவில்லை,
பிள்ளைகள் கட்டிப்பிடிக்கிற விலங்குக்கு அது எதற்கு?

இரவு வெண்ட்வொர்த்வில் அறையில்
சப்பாத்தைக் கழற்றிக்
குதிக்காலைத் தடவிப் பார்த்தேன்.
ஒரு கொப்புளம்.
அதற்குக் கீழே கட்டியாய் ஏதோ.
அழுத்திப் பார்க்கவில்லை.